கட்டளையும் தெளிவும்: நீதிமன்றம் விதிக்கும் போதை விழிப்புணர்வு வகுப்பு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

சட்டம் செயலை நோக்குவது. அறம் அச்செயலின் பின்னே நிற்கும் மனத்தை நோக்குவது. இவ்விரண்டிற்கும் இடையே வரையப்பட்ட எல்லைக்கோடு மிகத் தொன்மையானது. களவு செய்யாதிருக்குமாறு அரசு கட்டளையிடலாம். களவை வெறுக்குமாறு கட்டளையிட எந்த அரசாலும் இயலாது என்பது நெடுங்காலமாக ஒப்புக்கொள்ளப்பட்டு வந்த கருத்தாகும். ஆயின், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீதிமன்றங்கள் இவ்வெல்லையைத் தாண்டி ஓரடி எடுத்து வைத்தன. மதுவினாலோ போதைப்பொருளினாலோ குற்றத்திற் சிக்கிய ஒருவனிடம் தண்டப்பணம் செலுத்துமாறும் சிறைக்குச் செல்லுமாறும் கூறுவதோடு அமையாது, கற்றுக்கொள்ளுமாறும் அவை பணிக்கத் தொடங்கின. குறித்த மணித்தியாலங்கள் விழிப்புணர்வு வகுப்பில் அமர்ந்திருந்து, முடிவிலே சான்றிதழைக் கொண்டுவந்து ஒப்படைத்தல் வேண்டும். எந்த வகுப்பு என்பதைத் தெரிவுசெய்யும் பொறுப்பு மட்டும் பல இடங்களில் அவனிடமே விடப்படுகிறது. கட்டளையாற் பிறந்த கல்வி ஒருவனைத் திருத்த வல்லதா? கட்டளைக்கு உட்பட்டு நிற்பவன் செய்யும் சிறு தெரிவுக்கு அறமதிப்பு யாதேனும் உண்டா? இவ்வினாக்களே ஈண்டு ஆராயப்படுகின்றன.

இவ்வழக்கத்தின் வரலாற்றை முதலிற் சுருக்கமாக நோக்குதல் பொருந்தும். ஐக்கிய அமெரிக்காவின் மயாமி நகரில் 1989 ஆம் ஆண்டு போதைப்பொருள் வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. சிறைத்தண்டனைக்குப் பதிலாக நீதிபதியின் மேற்பார்வையிற் சிகிச்சை பெறுவதற்கு அது வழி வகுத்தது. அந்நாட்டின் பல மாநிலங்களில் மது, போதைப்பொருள் தொடர்பான சிறு குற்றங்களுக்கு விழிப்புணர்வு வகுப்பு விதிக்கப்படுவது இன்று வழமையாகிவிட்டது. அவ்வகுப்புகளுட் சில இணையவழியாகவும் நடைபெறுகின்றன. நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளுமாயின், வீட்டிலிருந்தே ஒருவன் அவற்றைப் பயின்று முடிக்கலாம். இலங்கையின் சட்டமும் வேறொரு பாதையால் இதே திசையை நோக்கி நடந்து வந்துள்ளது. 1929 ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டம் தண்டனையையே முதன்மையாகக் கொண்டிருந்தது. 1984 இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை சட்டத்தினால் நிறுவப்பட்டது. 1999 ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகப் பொதுப்பணியையும் ஆற்றுப்படுத்தலையும் விதிக்க இடமளித்தது. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு ஆட்பட்டோருள் தாமாக முன்வருவோருக்கும் நீதவானின் கட்டளையால் அனுப்பப்படுவோருக்கும் சிகிச்சையும் புனர்வாழ்வும் அளிக்க ஏற்பாடு செய்தது. தண்டிக்கும் சட்டம் கற்பிக்கும் சட்டமாகவும் மாற விழைந்தமையே இவ்வரலாற்றின் சாரம் எனலாம்.

இம்மாற்றத்துக்கு எதிராக எழும் முதலாவது தடை வலிமை வாய்ந்தது. வற்புறுத்தலால் வந்த நன்மை நன்மையாகாது என்பதே அது. ஜேர்மானிய மெய்யியலாளரான கான்ற் 1785 இல் வெளியிட்ட அறவியல் நூலிலே, கடமைக்கு இசைவாகச் செய்வதற்கும் கடமை கருதியே செய்வதற்கும் இடையிலான வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். வாடிக்கையாளரை இழந்துவிடக் கூடாதென்பதற்காகச் சரியான விலைக்கு விற்கும் கடைக்காரன் நேர்மைக்கு இசைவாக நடக்கிறான். எனினும், அவனது செயலில் நேர்மையின் மதிப்பு இல்லை. சிறைக்கு அஞ்சி வகுப்பில் அமர்ந்திருப்பவனும் அக்கடைக்காரனை ஒத்தவனே. அவனது உடல் வகுப்பில் இருக்கிறது. மனமோ சான்றிதழில் இருக்கிறது.

இலங்கைச் சூழலில் இத்தடைக்கு மற்றொரு வலுவும் உண்டு. பௌத்தத்தின் பஞ்சசீலத்துள் ஐந்தாவது, மதுவிலிருந்து விலகுதல். அது மேலிருந்து விதிக்கப்படும் கட்டளையாக அமையாமல், ஒருவர் தாமே மேற்கொள்ளும் பயிற்சி விரதமாக அமைந்துள்ளமை கவனித்தற்குரியது. அதனை வாயால் எடுத்துரைப்பவரே அதற்குப் பொறுப்பாளியாகிறார். திருக்குறளிற் பொருட்பாலிலே கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தை அமைத்த வள்ளுவரும் அங்கே தண்டத்தைப் பற்றிப் பேசவில்லை. பெற்ற தாயின் முகத்தையும் சான்றோரின் முகத்தையும் நாணத்தையுமே அவர் குடிப்பவனுக்கு நினைவூட்டுகிறார். அரசியலையும் பொருளையும் பேசும் பகுதியில் நின்றுகொண்டும், உள்ளத்தைத் தொடுவதற்கு அரசனின் கோலை அவர் நாடவில்லை.

எனினும், அதே அதிகாரம் இத்தடைக்கு விடை காண்பதற்கும் துணைசெய்கிறது. வெறியில் மூழ்கியவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீரில் ஆழ்ந்தவனை விளக்குக் கொண்டு தேடுவது போன்றது என்ற கருத்தை வள்ளுவர் அங்கே முன்வைக்கிறார். அடுத்து வரும் குறளிலே, தான் குடிக்காத பொழுதிற் குடித்தவனைக் காண்பவன் தன் நிலையை எண்ணிப் பார்க்க மாட்டானா என்று வினவுகிறார். இவ்விரண்டையும் இணைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். அறிவுரை பயன்படுவதற்கு முதலில் ஒரு தெளிந்த பொழுது வேண்டும். அப்பொழுதைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றலைப் பழக்கம் பலரிடமிருந்து பறித்துவிடுகிறது. காலையிற் குடிப்பதில்லையென முடிவு செய்து, மாலையில் தவறணையின் வாசலில் நிற்பவனிடம் விருப்பம் இல்லையென்று கூற முடியாது. அவனுள் இரண்டு விருப்பங்கள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. நீதிமன்றத்தின் கட்டளை அவனது விருப்பத்துக்கு எதிரானதென்பது பாதி உண்மையே. அவனுடைய மாலை விருப்பத்துக்கு எதிராக, அவனுடைய காலை விருப்பத்துக்கு அது துணை நிற்கவும் கூடும்.

மேனாட்டு மெய்யியல் மரபும் இதனை முற்றாக மறுக்கவில்லை. கிரேக்க நாட்டின் மித்திலீன் நகரை ஆண்ட பித்தாக்கஸ், குடிவெறியிற் செய்த குற்றத்துக்குக் கூடிய தண்டனை விதித்தான். வெறி ஒரு சாட்டாகாது. வெறி கொள்ளாதிருத்தல் அவனது கையிலேயே இருந்தது என்று அரிஸ்டோட்டிலும் இத்தகைய சட்டத்துக்கு விளக்கம் கூறினார். நல்லொழுக்கம் பழக்கத்தால் வருவது, நல்லன செய்து செய்தே ஒருவன் நல்லவனாகிறான் என்பதும் அவர் கொள்கை. அவ்வாறாயின், தொடக்கத்தில் வெளியிலிருந்து வரும் கட்டாயம் பின்னர் உள்ளிருந்து எழும் பழக்கமாக மாறுவதற்கு இடமுண்டு. தனிமனித சுதந்திரத்தின் பெருங்காவலராகக் கருதப்படும் ஜோன் ஸ்ருவாட் மில் 1859 இல் எழுதிய நூலில், குடிப்பதைக் குற்றமெனக் கொள்ளவில்லை. ஆயின், குடிவெறியிற் பிறருக்குத் தீங்கு செய்து ஒருமுறை தண்டிக்கப்பட்டவன்மீது, அவனுக்கு மட்டும் உரிய தனிக்கட்டுப்பாட்டைச் சட்டம் விதிப்பது முறையானதே என்று அவரும் ஏற்றுக்கொண்டார். பிறர்க்கு நேர்ந்த தீங்கே அவருடைய அளவுகோல்.

ஆகவே, கட்டளை நியாயமானதாக இருக்கக்கூடும். கட்டளைக்கு உட்பட்டவனின் தெரிவு எத்தகையது என்பதே இனி எழும் வினா. வகுப்பைத் தெரிபவர்கள் வழமையாக மூன்றை நோக்குவர்: செலவு குறைவா, காலம் குறைவா, நீதிமன்றம் அதனை ஏற்குமா? இவ்வாறு நோக்குவதை இழிவாகக் கருதும் மனப்பாங்கு கற்றோரிடையே உண்டு. உண்மையாகத் திருந்த விழைபவன் இலகுவான வழியைத் தேடான் என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதை மலைநாட்டு வாழ்க்கையொன்றை முன்வைத்து ஆராய்தல் நன்று.

பேராதனையிலிருந்து கம்பளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது புசல்லாவை. அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டமொன்றில் வாழும் ஒரு தொழிலாளியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மதுவெறியில் நிகழ்ந்த சிறு குற்றத்துக்காக அவருக்கு விழிப்புணர்வு வகுப்பு விதிக்கப்படுகிறதெனவும், நேரிற் சென்றோ இணையவழியாகவோ அதனைப் பயிலலாமென அவருக்குத் தெரிவு அளிக்கப்படுகிறதெனவும் வைத்துக்கொள்வோமாயின், அவர்முன் உள்ள நிலை யாது? காலைப் பெரட்டுக்குப் போகாவிடின் அன்றைய பேர் விழாது. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. கம்பளைக்கோ கண்டிக்கோ சென்று திரும்புவதற்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாளும் செலவாகும். வகுப்பு எட்டு நாட்களாயின், இழக்கப்படும் எட்டு நாட் சம்பளம் அவருக்கு மட்டும் உரிய இழப்பன்று. பிள்ளைகளின் உணவிலும் கொப்பிகளிலும் அது குறையும். அங்கே நடத்தப்படும் வகுப்பு சிங்களத்தில் அமையுமாயின், அமர்ந்திருந்தமைக்குச் சான்றிதழ் கிடைக்கும். அறிந்தமைக்குச் சான்று யாதும் இராது. இந்நிலையில் தமிழில், மாலை வேளையில், கைத்தொலைபேசிவழிப் பயிலக்கூடிய வகுப்பை அவர் தெரிவாராயின், அதனைச் சோம்பலின் தெரிவு என்று கூறுவது அநீதியாகும். குடியினால் ஏற்கெனவே இழப்புற்ற குடும்பத்துக்குத் திருத்தத்தினாலும் இழப்பு நேராதவாறு காப்பதும் அறமே.

ஆனால், இணையவழித் தெரிவு அங்கே வேறொரு சிக்கலைக் கொணர்கிறது. குடியேற்றக் காலத்தில் தொழிலாளரைத் தங்கவைப்பதற்கென வரிசையாகக் கட்டப்பட்ட லயத்திலே, ஒரு காம்பிராவின் பேச்சு அடுத்த காம்பிராவில் தெளிவாகக் கேட்கும். தன் குடிப்பழக்கத்தை ஆற்றுப்படுத்துநர் ஒருவரிடம் மனந்திறந்து கூறுவதற்குத் தேவையான தனிமை அங்கே எளிதிற் கிட்டாது. வீட்டிலுள்ள ஒரேயொரு கைத்தொலைபேசி பிள்ளையின் படிப்புக்கும் உரியது. கொரோனாத் தொற்றின்போது 2020 இலும் 2021 இலும் மலையகத்துப் பிள்ளைகள் தொலைபேசிச் சமிக்ஞையைத் தேடி மேட்டு நிலங்களுக்கு ஏறிச் சென்று பாடம் கேட்டமை நாடறிந்த செய்தியாகும். தந்தையும் அதே மேட்டில் நின்றுகொண்டு தன் குறையைப் பேச நேருமாயின், நாணம் அவரது வாயை அடைத்துவிடும். நகரத்து மாடிவீட்டில் வாழ்பவனுக்கு இணையவழி வகுப்புத் தனிமையைக் கொடுக்கிறது. லயத்தில் வாழ்பவருக்கோ அது தனிமையைப் பறிக்கிறது. ஒரே வகுப்பு இருவருக்கும் ஒரே தெரிவாக அமைவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

எனவே, எளிமை என்பதை இரண்டாகப் பகுத்து நோக்குதல் இன்றியமையாதது. வகுப்பிற் பங்குபற்றுவதை எளிதாக்கும் எளிமை ஒன்று. வகுப்பிலிருந்து தப்புவதை எளிதாக்கும் எளிமை மற்றொன்று. மொழி, தூரம், நேரம், செலவு என்பன முன்னையதைச் சார்ந்தன. எவரும் வினவாத திரை, படிக்காமலே புரட்டிச் செல்லக்கூடிய பக்கங்கள், ஊகித்து நிரப்பக்கூடிய விடைகள், மற்றொருவரை அமர்த்தி முடிக்கக்கூடிய பரீட்சை என்பன பின்னையதைச் சார்ந்தன. முன்னையதைத் தேடுபவன் கற்பதற்கு வழி தேடுகிறான். பின்னையதைத் தேடுபவன் கற்காதிருப்பதற்கு வழி தேடுகிறான். வெளித்தோற்றத்தில் இருவரும் ஒரே வகுப்பிலே சேர்ந்திருக்கலாம். இருவரையும் வேறுபடுத்தி அறிவதற்கு ஒரு வினா போதுமானது. சான்றிதழ் தரப்படாதெனினும் இவ்வகுப்பினின்று கொள்ளத்தக்கது யாது? இதற்குத் தன்னுள் ஒரு விடையேனும் காண முடிந்தவன் செய்த தெரிவு, கட்டளையின் நிழலில் நின்றதாயினும் அவனுடையதேயாகும்.

வகுப்பின் தரத்தையும் இவ்வினாவைக் கொண்டே அளக்கலாம். நல்ல வகுப்புக் கற்பவனின் தாய்மொழியிற் பேசும். அவனது வாழ்க்கையில் உள்ள கசிப்பையும் சாராயத்தையும் கஞ்சாவையும் அறிந்து பேசும். எங்கோ ஒரு நாட்டின் நெடுஞ்சாலை விபத்துகளை மட்டும் படமாகக் காட்டி முடியாது. அவன் கூறுவதைக் கேட்டு மறுமொழி சொல்லும் மனிதர் ஒருவர் அங்கே இருப்பார். கூறியது வெளியே போகாதென்ற உறுதி இருக்கும். வகுப்பு முடிந்த பின்னரும் தட்டக்கூடிய ஒரு கதவை அது காட்டிச் செல்லும். இவை அமைந்த வகுப்பு இணையவழியில் நடந்தாலென்ன, மண்டபத்தில் நடந்தாலென்ன, கல்வி எனப்படும் தகுதியுடையது. இவை இல்லாத இடத்தில் நிகழ்வது சான்றிதழ் வாணிகமே.

இனி, கற்பிப்பவரின் தகுதி பற்றிய வினாவையும் தவிர்த்துச் செல்ல இயலாது. புசல்லாவை இலங்கைத் தேயிலை வரலாற்றின் முதற்பக்கங்களில் இடம்பெறும் ஊராகும். வோர்ம்ஸ் சகோதரர்கள் தம் ரொத்சைல்ட் தோட்டத்தில் 1841 இல் சீனத் தேயிலையைப் பயிரிட்டுப் பார்த்தது அங்கேதான். கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாகத் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிகளால் அழைத்து வரப்பட்டோரின் உழைப்பால் அம்மலைகள் பசுமையாகின. அதே காலத்திற் சாராயக் குத்தகை குடியேற்ற அரசின் கருவூலத்துக்கு முக்கிய வருவாயாக விளங்கியது. 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச்சட்டத்தின்கீழ்ப் புதிய கள்ளுத் தவறணைகளுக்கு இடமளிக்கப்பட்டபோது மதுவிலக்கு இயக்கம் நாடெங்கும் கிளர்ந்தெழுந்தது. பிற்காலத்திற் சுதந்திர இலங்கையின் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்கா அவ்வியக்கத்தில் ஈடுபட்டவர்களுள் ஒருவராவார். சுதந்திரத்தின் பின்னரும் மதுவரி அரசின் வருவாய் மூலங்களுள் ஒன்றாகவே தொடர்கிறது. 2006 இல் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை சட்டத்தால் நிறுவப்பட்ட பின்னரும் இந்நிலை மாறவில்லை. ஒரு கையால் அனுமதிப்பத்திரம் வழங்கி வரியைப் பெறும் அரசு, மறு கையால் குடித்தவனை வகுப்புக்கு அனுப்புவதில் முரண்பாடு உண்டு. நாள் முழுவதும் குளிரிலும் மழையிலும் உழைத்த உடல் மாலையிற் சூட்டையும் மறதியையும் தேடுகிறதென்றால், அத்தேடலுக்குக் காரணமான வாழ்க்கை நிலையைப் பற்றிய விழிப்புணர்வு யாருக்கு ஊட்டப்படல் வேண்டும் என்ற வினாவும் நியாயமானதே.

ஆயினும், இம்முரண்பாடு குடித்தவனின் பொறுப்பைத் துடைத்துவிடாது. பிறருடைய குற்றம் பெரிதென்பதனால் தன் குற்றம் இல்லாமற் போவதில்லை. தோட்டங்களிலே பெண்ணின் சம்பளத்தையும் ஆணே கையேற்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. கூடையைத் தலையில் மாட்டி மலைச்சரிவில் நின்று கொழுந்தெடுத்த கைகளின் உழைப்பு, அக்கைகளுக்கு வராமலே தவறணையைச் சென்றடைந்த மாதங்கள் பல. அவ்விழப்பைச் சுமந்த பெண்ணிடம், அரசின் வரிக்கொள்கையே இதற்குக் காரணமென்று கூறி ஒருவன் தப்ப முடியாது. இங்கேதான் கடமையின் உண்மையான முகம் தெரிகிறது. நீதிமன்றம் கட்டளையிட்டிருக்கலாம், ஆனால் கடன் நீதிமன்றத்துக்கு உரியதன்று. அது மனைவிக்கும் பிள்ளைக்கும், அடுத்த காம்பிராவில் உறக்கமின்றிக் கிடந்த அயலவருக்கும் உரியது. நீதவான் அக்கடனை நினைவூட்டுபவர் மட்டுமே.

கட்டளைக்கும் எல்லை உண்டு என்பதை மறத்தலாகாது. பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூன் மாத இறுதியில் ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. நூற்றுக்கணக்கானோர் அங்கிருந்து தப்பியோடினர். புனர்வாழ்வு என்ற பெயர் ஒரு நிலையத்துக்கு இடப்பட்டதனாலேயே அங்கு கல்வி நிகழ்வதாகக் கொள்ளல் இயலாதென்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. போர்த்துக்கல் நாடு 2001 இல் வேறு வழியொன்றை மேற்கொண்டது. சொந்தப் பாவனைக்கெனச் சிறிதளவு போதைப்பொருள் வைத்திருப்பது அங்கே தடைசெய்யப்பட்ட செயலாகவே நீடிக்கிறது. ஆயின் அது சிறைக்குரிய குற்றமன்று. பிடிபட்டவர் சட்டம், உளவியல், சமூகப்பணி முதலிய துறைகளைச் சார்ந்தோரைக் கொண்ட சிறு குழுவொன்றின் முன் அழைக்கப்படுகிறார். அங்கே அவருடன் உரையாடப்படுகிறது. இவ்விரண்டையும் ஒப்பிடுமிடத்து, நியாயமான கட்டாயத்தின் இலக்கணம் ஓரளவு புலனாகும். அது காலவரையறை உடையதாக இருத்தல் வேண்டும். அடியும் அவமதிப்பும் அதில் இடம்பெறலாகாது. கட்டாயப்படுத்தப்பட்டவர் வாய்திறந்து பேசுவதற்கு அது இடமளிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சிறு தெரிவையேனும் அவர் கையில் விட்டுவைத்தல் வேண்டும். தெரிவு சிறிதும் எஞ்சாத இடத்தில் அடக்கம் உண்டாகலாம், திருத்தம் உண்டாகாது.

கான்ற் காட்டிய கடைக்காரனிடம் மீண்டும் வருதல் தகும். ஆதாயத்துக்காக நேர்மையாக விற்கத் தொடங்கியவன் என்றேனும் ஒருநாள், கணக்கறியாத சிறு பிள்ளையொன்று தனியே வந்து நிற்கையில், ஏமாற்றினாலும் எவருக்கும் தெரியாதென்று அறிந்தும் சரியான மிகுதிப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பானாயின், அன்று அவனிடத்தே நேர்மை பிறக்கிறது. அதற்கு முந்திய நாட்களெல்லாம் வீணெனக் கூறல் பொருந்தாது. அவை அந்நாளுக்குக் கையைப் பழக்கின. விழிப்புணர்வு வகுப்பின் நிலையும் இத்தகையதே. நீதிமன்றப் பதிவேட்டில் வழக்கு முடிவுறும் நாளில் அறத்தின் வழக்குத் தொடங்குகிறது. சான்றிதழ் ஒப்படைக்கப்பட்டபின் அவனைக் கண்காணிப்பார் எவருமில்லை. அடுத்த சம்பள நாளின் மாலையிலே, புசல்லாவைக் கடைத்தெருவிலிருந்து லயத்துக்குப் போகும் பாதையில் அவன் எத்திசையில் திரும்புகிறான் என்பதை எந்தச் சட்டமும் காணப்போவதில்லை.

தமிழிலே வெறி நீங்குவதையும் தெளிதல் என்பர். உண்மை விளங்குவதையும் தெளிதல் என்பர். முன்னைய தெளிவுக்குக் காலமும் கட்டுப்பாடும் போதுமானவை. அவற்றை நீதிமன்றம் அளிக்கலாம். பின்னைய தெளிவை எவரும் எவருக்கும் அளிக்க முடியாது. எனினும், முன்னையது இன்றிப் பின்னையது வாராது. கட்டளை ஒருவனை வாசல்வரை கொண்டுவந்து நிறுத்துகிறது. எந்த வாசல் என்பதைத் தெரியும் சிறு சுதந்திரம் அவனிடம் எஞ்சியிருக்கிறது. தப்புவதற்கான வாசலைத் தேடாது, தன் மொழியில் தன்னோடு பேசக்கூடிய வாசலைத் தேடி அவன் நிற்பானாயின், அத்தேடலே அவனுடைய முதற்பாடமாகும். அத்தகைய வாசல்கள் தமிழிலும், தோட்டத்துக்கு எட்டிய தூரத்திலும், ஏழையின் கைக்கு எட்டிய விலையிலும் திறந்திருக்கச் செய்தல் கற்றோரினதும் அரசினதும் கடமையாகும். அக்கடமை நிறைவேறாதவரை, அவன் தவறான வாசலில் நுழைந்தான் என்று தீர்ப்புக் கூறும் உரிமை அவர்களுக்கு முழுமையாக உண்டாகாது.